வாயில்லாத சீவன்களும் வாயடைக்கப்பட்ட சனங்களும்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் தோழர்கள் என்னை முதலில் கேட்டார்கள். நான் வேறொன்று பேசுகிறேன் என்றேன். என்ன என்றார்கள். விலங்குகள் மீது நடக்கிற வதை, அதில் நம் இயக்கத்தின் நிலைப்பாடு என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு தோழர் கேட்டார்: "ஏன் தோழர், மனுசனுக்கே இங்க நாதியில்ல. நாய்க்கும் மாட்டுக்கும் பேச நாமதான் கெடச்சோமா?"

நியாயமான கேள்வி. நானும் பல வருசம் இதே கேள்வியைக் கேட்டவன்தான். அதனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற கோபத்தை முதலில் பேசிவிடுவோம். அதைத் தாண்டிக் குதித்து அடுத்த பேச்சுக்குப் போக முடியாது.

2016 ஜூலை மாதத்தை எடுத்துக்கங்க. அந்த மாதத் தொடக்கத்தில் சென்னைக்குப் பக்கத்தில் மொட்டை மாடியிலிருந்து ஒரு நாயைத் தூக்கிக் கீழே எறிகிற வீடியோ பரவியது. எறிந்தவர் மருத்துவம் படிக்கிற மாணவர். படம் பிடித்தவரும் மாணவர். நாய் எலும்பு முறிந்து கிடந்து பிழைத்துக்கொண்டது. நாடே கொதித்தது. அதே மாதம் 11ஆம் தேதி குஜராத்தில் ஊனா பக்கத்தில் இன்னொரு வீடியோ. செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த நம் சனங்களைப் பசுப் பாதுகாவலர்கள் பிடித்து, நான்கு இளைஞர்களை அரை நிர்வாணமாக்கி, காரில் கட்டி வைத்து அடித்தார்கள். அடித்தவர்களே படம் பிடித்துப் பரப்பினார்கள். அவர்களுக்கு அது வெட்கமான காரியமில்லை, பெருமை.

நாய்க்காகக் கொதித்தவர்களில் எத்தனை பேர் ஊனாவுக்காகக் கொதித்தார்கள்? கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் நான் வேலை செய்கிற இடத்தில் எனக்குத் தெரியும். முதல் வீடியோவுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசினார்கள். இரண்டாவது வீடியோவுக்கு, "அரசியல் வேண்டாம் சார்" என்றார்கள்.

இதற்கு முன்னால் 2002 அக்டோபர் 15. அரியானாவில் ஜஜ்ஜார் பக்கம் துலினா. தோல் ஏற்றிப்போன ஐந்து தலித்துகளை, பசுவைக் கொன்றார்கள் என்று சொல்லி ஒரு கும்பல் அடித்தே கொன்றது. எங்கே? போலீஸ் சாவடி வாசலில்.

இன்னும் பின்னால் போவோம். 1927 மார்ச் 20. மகாத் சவதார் குளம். ஆடு மாடு குடிக்கலாம், நாய் நக்கலாம், தீண்டப்படாதவன் கை நனைக்கக் கூடாது. பாபாசாகேப் தலைமையில் நம் மக்கள் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். அதற்கப்புறம் சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? 108 குடங்களில் பால், தயிர், சாணம், கோமியம் கலந்து குளத்தில் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். மனிதன் தொட்ட தண்ணீரை மாட்டு மூத்திரம் ஊற்றிச் சுத்தம் செய்த நாடு இது. 1931இல் காந்தியைச் சந்தித்தபோது, நாயையும் பூனையையும் விடக் கேவலமாக எங்களை நடத்துகிற நாட்டை எப்படி என் நாடு என்று சொல்வது என்று பாபாசாகேப் கேட்டார். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று மகாத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

நம் பக்கம் என்ன? 1950இல் சென்னை மாகாணத்தில் ஆடு, கோழி பலிகொடுக்கத் தடைச் சட்டம் போட்டார்கள். தூங்கிக்கிடந்த அந்தச் சட்டத்தை 2003இல் எழுப்பி, முனியப்பனுக்கும் காளிக்கும் கெடா வெட்டுகிறவன் கையில் விலங்கு மாட்டக் கிளம்பினார்கள். எதிர்ப்பு வந்தது, 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் லாரியில் அடைத்துக்கொண்டு போகிற பண்ணைக் கோழியின் மூச்சுத் திணறல் அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை. நம் சாமி வாசலில் விழுகிற ரத்தம் மட்டும் பட்டது.

நாய் என்று எடுத்தாலும் கதை இதுதான். பறையர் என்ற நம் பெயரை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய், ஒதுக்கப்பட்டவன் என்பதற்குத் தன் மொழியில் வார்த்தையாக வைத்துக்கொண்டான். நம் ஊர்த் தெருநாய்க்கும் அதையே பெயராக வைத்தான். இன்றைக்கும் ஆங்கிலப் புத்தகங்களில் அந்த நாயினத்துக்கு 'பரையா நாய்' என்றுதான் பெயர். மனுசன் பெயர் நாய்க்கு. நாயின் மரியாதை மனுசனுக்கு. மதுரைப் பக்கத்துச் சில ஊர்களில் சேரிக்காரன் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று கட்டு இருந்ததைப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. சேரியின் ஆண் நாய் ஊர்த் தெருப் பெட்டையிடம் போய்விடுமாம். நாய்க்கும் கலப்பு மணத்தடை. 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தபோது கறுப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப் போட்டதைப் பார்த்துத் திரையரங்கில் சிலர் "ஐயோ நாய்" என்று அழுதார்கள். நம் சனங்கள் வேறு மாதிரி அழுதார்கள். ஒரு நாய் யாருடைய நாய் என்பதற்காகவே கொல்லப்படும் என்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை.

ஆக, கோபம் நியாயமானது. இந்த நாட்டில் ஆதிக்க சாதிகள் பேசுகிற சீவகாருண்யம் சீவனைப் பார்ப்பதில்லை. சீவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவனின் சாதியைப் பார்க்கிறது. இதுவரைக்கும் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன். கைதட்டலாம்.

கைதட்டல் முடிந்ததும் சிக்கலான இடத்துக்கு வருகிறேன். எதிரியைப் பற்றிப் பேசிவிட்டோம். நம் தெருவைப் பற்றிப் பேசலாமா?

எனக்குப் பத்து வயசிருக்கும். தீபாவளி. எங்கள் காலனியில் சூரி என்று ஒரு நாய். யாருடைய நாய் என்று சொல்ல முடியாது, எல்லா வீட்டுச் சோற்றுக்கும் வரும். நாங்கள் நாலு பசங்க சேர்ந்து அதன் வாலில் சரவெடி கட்டிக் கொளுத்தினோம். கட்டினது என் கை. அது வாயைத் திறந்து கத்திக்கொண்டு தெரு முழுக்க ஓடியது. நாங்கள் பின்னாலேயே சிரித்துக்கொண்டு ஓடினோம். பெரியவர்களும் சிலர் சிரித்தார்கள். அதையும் சொல்ல வேண்டும். கடைசியில் அது எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வந்துதான் பூந்தது. வேறு எங்கே போகும்? சோறு போட்ட வீடு. வால் பக்கம் சதை வெந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் செத்துப்போனது.

எங்க ஆயா என்னை அடிக்கவில்லை. என் கையைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தது. "நம்மள அடிக்கிறவன் கை எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா. பண்ணையில பாத்திருக்கேன். இன்னிக்கி உன் கை அப்பிடி இருக்குது" என்றது. அவ்வளவுதான். அப்புறம் சூரியைக் குழி வெட்டிப் புதைக்க என்னையே அனுப்பியது.

இன்னொன்று. எங்க நைனா வண்டி ஓட்டினார். கரும்பு லோடு. வெட்டுக் காலத்தில் ராத்திரி ரெண்டு மணிக்குப் பாரம் ஏற்றி ஆலைக்குப் போகணும். ஆலை வாசலில் வண்டி வரிசை ஒரு மைலுக்கு நிற்கும். ஒரு நாள், ரெண்டு நாள்கூட நிற்கணும். கூலி டன் கணக்கு. அதனால் ரெண்டு நடையில் ஏற்ற வேண்டியதை ஒரே நடையில் ஏற்றுவார்கள். மேட்டில் மாடு முட்டி போட்டுவிடும். வாலைக் கடிப்பார், முறுக்குவார், தார்க்குச்சியால் குத்துவார். கழுத்தில் நுகத்தடி உராய்ந்து புண்ணு. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அதே நைனா அந்தப் புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டு, மாட்டின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். ஆலை வாசலில் வரிசை மாறினார் என்று காவலாளி அவர் முதுகில் லத்தியால் போட்டதையும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். காவலாளி, நைனா, நான். லத்தி, தார்க்குச்சி, சரவெடி. இது மூன்றும் ஒரே நாளில் நடந்ததில்லை. ஆனா எனக்கு மூணும் ஒண்ணாத்தான் ஞாபகத்துல இருக்கு.

தோழர்களே, சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று பாபாசாகேப் விளக்கினார். மேலே போகப் போக மரியாதை, கீழே இறங்க இறங்க இழிவு. ஒவ்வொரு படியில் நிற்கிறவனுக்கும் மிதிக்க ஒருவன் கீழே கிடைப்பான். அதனால்தான் இந்த அமைப்பு உடையாமல் நிற்கிறது. இது நம் எல்லோருக்கும் பாடம். ஆனால் கடைசிப் படியில் நிற்கிறவனுக்கு மிதிக்க யார் இருக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. அவன் வீட்டுப் பெண் இருக்கிறாள். அவன் பிள்ளை இருக்கிறது. அவன் மாடும் நாயும் இருக்கின்றன. மேலிருந்து விழுகிற அடி கடைசிப் படியோடு நிற்பதில்லை. அந்தப் படியைத் தாண்டி, திருப்பி அடிக்கவே முடியாத உடலில் போய் இறங்குகிறது. மாட்டைக் குத்துகிற கையும் பெண்டாட்டியை அறைகிற கையும் வேறு வேறு வீட்டில் இருப்பதில்லை என்று நம் பெண் தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்தது. 1940களில் சீனிவாசராவ் தலைமையில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் கட்டிப் போராடித்தான் அது ஒழிந்தது. அந்தச் சவுக்கு எங்கே செய்தது? மாட்டுக்குச் செய்ததுதான். மாட்டை அடித்துப் பழகிய சவுக்கு மனிதன் மேல் ஏறியது. மனிதனை மாடாக்கிவிட்டால் எதையும் செய்யலாம் என்று எல்லா ஆண்டைகளுக்கும் தெரியும். அப்படியானால் நம் விடுதலை என்பது "நான் மாடு இல்லை, என்னை அடிக்காதே" என்பதோடு முடிந்துவிடுமா? அது பாதிதான். "மாடாக இருந்தாலும் அடிக்க உனக்கு உரிமை கிடையாது" என்று சொன்னால்தான் சவுக்கே கீழே விழும். முதல் வாக்கியம் சவுக்கை என் முதுகிலிருந்து இன்னொரு முதுகுக்குத் தள்ளிவிடுகிறது.

இங்கே உடனே ஒரு சந்தேகம் வரும். "அப்ப கறி தின்னக் கூடாதுங்கிறீங்களா? பார்ப்பான் பாட்டைத்தான் நீங்களும் பாடுறீங்களா?" இல்லை தோழர். நான் மாட்டுக்கறி தின்கிறவன். தொடர்ந்து தின்பேன். கொல்வதும் வதைப்பதும் ஒன்றில்லை. இந்த வேறுபாட்டை நான் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. எங்கள் காலனியில் கெடா வெட்டுகிற பெரியப்பா ஒருத்தர் இருந்தார். வெட்டுவதற்கு முன்னால் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடிப்பார். ஒரு ஆடு பார்க்க இன்னொரு ஆட்டை வெட்ட மாட்டார். ஒரே வெட்டு. ரெண்டாவது வெட்டு விழுந்தால் அன்றைக்கு அவர் அந்தக் கறி சாப்பிட மாட்டார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. அதே காலனியில் பன்னியைக் காலைக் கட்டி, நெஞ்சில் கம்பி பாய்ச்சி, அது அரைமணி நேரம் அலறிச் சாவதைப் பசங்க சுற்றி நின்று பார்த்ததும் உண்டு. ரெண்டும் நம்முடையதுதான். எதை வளர்க்கப்போகிறோம், எதை விடப்போகிறோம் என்பதுதான் கேள்வி. 'நம்ம பண்பாடு' என்று மொத்தமாகக் கட்டித் தூக்கிவைத்துக் கும்பிட நாம் என்ன சங்கர மடமா?

பாபாசாகேப் கடைசியாக எழுதி, 1957இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அகிம்சை பற்றிப் பேசும்போது ஒரு கோடு போடுகிறார். கொல்ல வேண்டிய தேவை வேறு, கொல்ல வேண்டும் என்ற வேட்கை வேறு. புத்தர் தடுத்தது இரண்டாவதை என்கிறார். அகிம்சையை அவர் உணவு விதியாக ஆக்கவில்லை, மனத்தின் நெறியாக வைத்தார். அதற்கு முந்தைய வருசம், 1956 அக்டோபர் 14ஆம் தேதி, நாகபுரியில் லட்சக்கணக்கான மக்கள் பௌத்தம் ஏற்றபோது அவர் கொடுத்த 22 உறுதிமொழிகள் நமக்குத் தெரியும். பிரம்மா விஷ்ணு மகேசுவரனை வணங்க மாட்டேன் என்பதை நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். எல்லா உயிர்களிடமும் கருணை காட்டுவேன், அவற்றைக் காப்பேன் என்பதும் அந்த 22இல் ஒன்று. இதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறோம்? பார்ப்பனியத்தை மறுக்கிற உறுதிமொழியும் உயிர்களைக் காக்கிற உறுதிமொழியும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை. கருணையை ஆதிக்க சாதிக்காரனின் சொத்து என்று நினைத்து நாமே அவனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அவன் அதைப் பசு மாட்டின் கொம்பில் கட்டி வைத்திருக்கிறான். அவிழ்த்துக்கொண்டு வரவேண்டியது நம் வேலை.

சரி, என்ன செய்யலாம்? சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். பேங்க் குமாஸ்தா நான், காகிதத்தைப் பார்க்காமல் விட மாட்டேன்.

1960இன் விலங்குவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சி அதற்கு வழி போட்டது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய் வரைக்கும். 1960இல் 50 ரூபாய் பெரிய காசு. இன்றைக்கு ஒரு பிரியாணிக்குப் பத்தாது. அதன் கீழ் 1965இல் வண்டி மாடுகளுக்கு விதிகள் போட்டார்கள். நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்தில் பகல் 12லிருந்து 3 வரைக்கும் பூட்டக் கூடாது. முள் வைத்த குச்சி கூடாது. நல்ல விதிகள். மூன்று வருசம் கழித்து, 1968 டிசம்பர் 25, கீழவெண்மணியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட கூலிச் சனங்களில் 44 பேரை எரித்தார்கள். மாட்டுக்கு 9 மணி நேரம் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. காகிதத்தில் கொடுத்தது எங்க நைனாவின் மாட்டுக்கும் வந்து சேரவில்லை என்றுதான் சொல்கிறேன். அந்த விதிப்படி பிடித்தால் யாரைப் பிடிப்பார்கள்? தார்க்குச்சி வைத்திருந்த நைனாவை. டன் கணக்கில் கூலி வைத்து, வாசலில் ரெண்டு நாள் நிறுத்திய ஆலையை யார் பிடிப்பார்கள்?

பழைய இந்திய தண்டனைச் சட்டம் இன்னும் வேடிக்கை. யானை, குதிரை, ஒட்டகம், எருமை, மாடு என்றால் விலை கேட்காமலே 5 வருசம் வரை சிறை. மற்ற சீவன்கள் 50 ரூபாய் பெறுமானால்தான் அந்தத் தண்டனை. சீவன்களுக்குள்ளும் வருணம். 2024 ஜூலையிலிருந்து அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் அந்த விலைக்கணக்கு போய்விட்டது. எந்த விலங்கைக் கொன்றாலும், விஷம் வைத்தாலும், ஊனமாக்கினாலும் 5 வருசம் வரை சிறை. இது நமக்குப் பயன்படும் இடம் ஒன்று சொல்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளைக்கு ஒரு நாள் காலையில் நம் காலனிப் பக்கத்து அம்மா ஒருத்தர் மஞ்சப்பையோடு வந்தார். மாட்டுக் கடன் வாங்கியவர். பையிலிருந்து எடுத்துக் கவுன்டரில் வைத்தார். மாட்டின் காது. இன்சூரன்ஸ் தோடு அதில் இருந்தது. தோடு மட்டும் போதும், காது வேண்டாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். நான் விசாரித்தேன். மாடு கயிறு அறுத்துக்கொண்டு ஊர்க்காரர் வயலில் இறங்கிவிட்டது. பின்னங்காலில் அரிவாள் வெட்டு. "எந்தத் தெரு மாடுன்னு கேட்டுக்கிட்டுத்தாங்க வெட்டுனாங்க" என்றார். ஒரு வாரம் படுத்துக்கிடந்து செத்தது. ஸ்டேசனில், மாட்டுக்கெல்லாம் கேசா என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "அது மட்டும் பேசியிருந்தா சாட்சி சொல்லியிருக்கும் தம்பி" என்றார். நான் அன்றைக்குப் பாரம் பூர்த்தி செய்து கொடுத்தேன். ஸ்டேசனுக்குக் கூடப் போகவில்லை. போயிருக்க வேண்டும். அந்தக் காதை இன்றைக்கும் என்னால் கவுன்டரிலிருந்து அப்புறப்படுத்த முடியவில்லை.

ஆகவே முதலாவது. நம் ஆடு மாடு நாய் மேல் விழும் வெட்டும் விஷமும் சாதித் தாக்குதலாக இருக்கும்போது, அதை அப்படியே பதிவு செய்ய வைக்க வேண்டும். 325ஆம் பிரிவும் போட வேண்டும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் போட வேண்டும். கால்நடை மருத்துவரின் சான்றும் பிரேதப் பரிசோதனையும் கட்டாயம் வாங்க வேண்டும். மனிதக் கொலைக்கு அலைகிறோமே, அதே மாதிரி.

இரண்டாவது. செத்த சீவனைத் தூக்குகிற வேலை. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், நம்மவரைச் செத்த விலங்கைத் தூக்கச் சொல்லி வற்புறுத்துவது குற்றம். ஊனாவுக்குப் பிறகு குஜராத் சனங்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் கலெக்டர் அலுவலகத்தில் போட்டுவிட்டு, உங்கள் தாயை நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்று திரும்பினார்கள். நம் போராட்ட வரலாற்றில் அது பெரிய நாள். தெருவில் அடிபட்டுச் செத்த நாயைத் தூக்குவதும், நாய் பிடிப்பதும் நகராட்சியில் பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது? கையுறை கிடையாது, வெறிநாய்த் தடுப்பூசி கிடையாது, ஒப்பந்தக் கூலி. நாய் பிடிக்கிறவனைக் கொடுமைக்காரன் என்று மாடியிலிருந்து திட்டுகிறவர்கள், நாய் வேண்டாம் என்று மனு போட்டவர்களாகவும் இருக்கிறார்கள். கொடுமையைச் செய்ய ஒரு சாதி, அதைப் பார்த்து வருந்த ஒரு சாதி. இந்த வேலைப் பிரிவினையை நாம் ஏற்க முடியாது.

மூன்றாவது, தெருநாய். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது. பதினோரு நாளில், கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விடலாம், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதே என்று திருத்தியது. பங்களாத் தெருவில் நாய்க்குப் பிஸ்கெட் போடுகிறவருக்கு இது அன்புப் பிரச்சினை. குப்பை மேட்டை ஒட்டி வாழ்கிற நம் பிள்ளைகளுக்கு இது கடிப் பிரச்சினையும்கூட. வெறிநோய் முற்றிவிட்டால் பிழைப்பு கிடையாது. கல்லெடுத்துக் கொல்வதாலும் அது ஒழியவில்லை. நம் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும்: கருத்தடை முகாமும் நாய்த் தடுப்பூசியும் முதலில் காலனிக்கு வரவேண்டும். குப்பையைத் தினமும் அள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கடி ஊசி இருப்பில் இருக்க வேண்டும். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போக வேண்டும் என்பதை நம் மன்றங்களின் சுவரில் எழுதிவைக்க வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய் தடவுவதை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

நான்காவது, மருந்து. கால்நடை மருந்தகம் ஊர்த் தெருவில் இருக்கும். டாக்டர் காலனிக்கு வருவது எப்போதாவதுதான். கழுத்துப் புண்ணோடு மாட்டை ஓட்டுகிறவன் கொடூரன் என்பதற்கு முன்னால், அந்தப் புண்ணுக்கு மருந்து எத்தனை மைலில் இருக்கிறது என்று கேட்போம். காலனியில் மாதம் ஒரு முகாம் என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். வயிற்றுப்பாட்டுக்காக மாட்டை ஓட்டுகிறவனைப் போலீசில் பிடித்துக் கொடுப்பதில் நம் வேலை தொடங்கக் கூடாது. அவனோடு உட்கார்ந்து பேசுவதில் தொடங்க வேண்டும். ஆனால் வேடிக்கைக்காக வதைக்கிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் நம் சாதியாக இருந்தாலும்.

கடைசியாக, இதுதான் எனக்கு முக்கியம். உங்களில் பல பேர் இரவுப் பாடசாலை நடத்துகிறீர்கள். அங்கே வருகிற பிள்ளை பகலில் எங்கேயோ அவமானப்பட்டுத்தான் வருகிறது. வாத்தியார் சாதி பேர் சொல்லியிருப்பார், டீக்கடையில் ஒருவன் முறைத்திருப்பான். அந்தப் பிள்ளை ஒணானைக் கட்டித் தொங்கவிட்டுக் கல்லெறியும்போது, "டேய் பாவம்டா" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பாவம் புண்ணியம் நமக்கு வேண்டாம், அது அவர்கள் கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கி உன்ன யாரு அடிச்சா?" என்று கேளுங்கள். முதலில் சொல்லாது. ரெண்டாம் நாள் சொல்லும். அப்புறம் அந்தக் கல்லை என்ன செய்வது என்று சேர்ந்து பேசுங்கள். கல்லை வீசக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. யார் மேல் என்பதுதான் அரசியல். அதைக் கற்றுக்கொடுப்பதுதான் நம் பாடசாலை.

ஜல்லிக்கட்டு பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். 2014இல் தடை, 2017இல் மெரினா, 2023இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றது. காளையின் வால் பற்றி ஒரு பக்கமும், தமிழன் வீரம் பற்றி இன்னொரு பக்கமும் நிறையப் பேசியாகிவிட்டது. வாடிவாசலில் முதல் மரியாதை யாருக்கு, அந்த ஊரில் தப்படிக்கிறவனுக்கு என்ன மரியாதை என்று ரெண்டு பக்கமும் கேட்கவில்லை. தனியாக ஒரு நாள் பேசவேண்டிய விசயம் அது.

போனில் கேட்ட தோழர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். ஆமாம் தோழர், நாமதான் கெடச்சோம். அடி எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் பேசாமல், தெரியாதவன் பேசினால் அது ஊனாவில்தான் போய் முடியும். எங்க ஆயா செத்துப் பதினைந்து வருசமாகிறது. சாகிற வரைக்கும் பண்ணையில் பட்டது எதையும் முழுசாகச் சொன்னதில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்த அன்றைக்குச் சொன்னதுதான் அது பண்ணை பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை. அதற்கு ஒரு நாய் சாக வேண்டியிருந்தது.

உங்கள் கையையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.